புதன்கிழமை மூன்றாவது மணி

அத்தியாயம் 17

நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு முடிந்தாயிற்று. மிச்சம் மூன்றே மூன்று பக்கம்.

நெவெனா சமையலறை மேசையில் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். காலை ஒன்பது. மாலை ஆறு மணிக்குள் கையேடு முழுசாகப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால், பள்ளிக்கூடங்களுக்கு இலவச மென்பொருள் தொகுத்துக் கொடுக்கிற குழு, இந்த வருஷத் தொகுப்பிலிருந்து ‘சாஸ்’ஸைத் தூக்கி வெளியே வைத்துவிடும். போன வாரக் கடிதத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அரைகுறைக் கையேடோடு வருகிற எதற்கும் இனிமேல் இடமில்லையாம்.

சாஸ் என்றால் பாடவேளை. கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தட்டி என்டரை அழுத்தினால், ஒரு பள்ளிக்கூடத்துக்கே கால அட்டவணை போட்டுக் கொடுக்கும் புரோகிராம். பொத்தானும் கிடையாது, படமும் கிடையாது. ஆனால் எந்த வாத்தியாருக்கு எந்த வகுப்பு, எந்த அறை, எந்த மணி என்று ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல் பிரித்துக் கொடுத்துவிடும். பதினேழு நாடுகளில் இருநூற்றுச் சொச்சம் பள்ளிக்கூடங்கள் இன்றைக்கும் அதை நம்பித்தான் செப்டம்பர் மாதத்தைத் தொடங்குகின்றன.

முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால், டான்யூப் நதிக்கரையில் இருக்கும் ருசே நகரத்தில் இதே வீட்டில், இதே மேசையில், பதினாறு வயது அண்ணன் யாசெனும் பதினோரு வயது நெவெனாவும் சேர்ந்து எழுதியது. எல்லாம் அம்மாவுக்காக. அம்மா தெமெனுகா அப்போது துணைத் தலைமை ஆசிரியை. அட்டவணை போடும் வாரத்தில் கூடத்துத் தரை முழுக்க வண்ணத் துண்டுக் காகிதங்களைப் பரப்பி வைத்திருப்பாள். வீட்டில் ஒருத்தர் தும்மக் கூடாது. தும்மினால் ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடம் சோபாவுக்கு அடியில் போய்விடும்.

அந்த யாசெனோடுதான் நெவெனாவுக்கு நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. காரணம் வேறொன்றும் இல்லை, இதே கையேடுதான்.

நெவெனா பம்பு செட்டுக் கம்பெனியில் கையேடு எழுதிச் சம்பளம் வாங்குகிறவள். வால்வை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதைக்கூட மூன்று வரியில் எழுதி வைப்பவள். அவளால் ஒரு வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அண்ணனோ, ‘புரோகிராமைப் படிக்கத் தெரியாதவன் அதைத் தொட வேண்டாம்’ என்கிற கட்சி. ஒருநாள் பொறுமை போய், உலகமே பார்க்கிற கலந்துரையாடல் பக்கத்தில் அவள் எழுதிவிட்டாள்: ‘இதை எழுதியவருக்குக் கணினியோடு பேசத் தெரியும், மனுஷர்களோடு பேசத் தெரியாது.’ பதினேழு நாட்டுக்காரர்களும் படித்தார்கள். யாசென் பதிலே எழுதவில்லை. கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதித் தபாலில் அனுப்பினான். அடியில் ‘இனி உன் பாடு’ என்று மட்டும்.

அப்பா ஸ்தனிமீர் இறந்தபோதுகூட இரண்டு பேரும் சவப்பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்களே தவிர, பேசவில்லை. அதற்கே மூன்று வருஷம் ஆகிவிட்டது.

போன வாரம், வேறு வழியில்லாமல் அவள்தான் முதலில் எழுதினாள். கடைசிப் பக்கத்தில் வர வேண்டிய ஆப்ஷன், அதாவது புரோகிராமின் ஒரு தனி வசதி, எதற்கு என்று கேட்டாள். அவனிடமிருந்து ஒரே வரி வந்தது: ‘அந்தப் பக்கம் காலியாவே இருக்கட்டும்.’ நெவெனாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ‘காலியா இருக்காது. அந்த ஆப்ஷனையே வெட்டி எறியப் போறேன்’ என்று திருப்பி எழுதினாள். அதற்குப் பிறகு, அவன் குடியிருக்கும் கடற்கரை ஊரான வர்ணாவிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"இன்னிக்கும் அதே பொட்டியா?" அம்மா உள்ளே வந்தாள். எழுபத்துமூன்று வயதிலும் முதுகு வளையாத மனுஷி. பெயர்நாளுக்கென்று நீல உடுப்பைப் போட்டிருந்தாள். "விருந்தாளிங்க வர்ற நேரம். மேசையை எனக்குக் குடுடி."

"மூணு பக்கம்தாம்மா. முடிச்சுடறேன்."

"நீ முடிக்கறதுக்குள்ள மீன் தானா குளத்துக்கு நடந்து போயிடும்."

பூப்பெயரும் மரப்பெயரும் வைத்துக்கொண்டவர்களுக்கெல்லாம் குருத்தோலை ஞாயிறுதான் பெயர்நாள், பிறந்தநாளைப் போலப் பெயரைக் கொண்டாடுகிற நாள். இந்த வீட்டில் தெமெனுகாவுக்கும் நெவெனாவுக்கும் ஒரே நாள். வர்ணாவில் யாசெனுக்கும் அதே நாள்தான். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. நினைவு வைத்திருக்கிறவர்கள் வருவார்கள். காபியையும் மீனையும் தயாராக வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மேசையில் பாதியை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, நெவெனா முதல் வெற்றுப் பக்கத்தை எடுத்தாள். ‘மின்வெட்டு’ என்கிற ஆப்ஷன். அது எதற்கு என்று கேட்டுப் போர்ச்சுகல்காரர்கள் இரண்டு தடவை எழுதிவிட்டார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சாஸை எழுதிய அந்தக் குளிர்காலத்தில் இரண்டு மணி நேரம் மின்சாரம் வரும், இரண்டு மணி நேரம் போய்விடும். பள்ளிக்கூடத்துக் கணினியை அம்மா கம்பளியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். பச்சை எழுத்துத் திரை. யாசென் தட்டிக்கொண்டே இருப்பான். நெவெனாவுக்கு ஜன்னல் வேலை. எதிர்த் தெருவில் விளக்கு அணைந்தால் அடுத்தது நம் தெரு. "போகுது, போகுது!" என்று அவள் கத்துவாள். அவன் அவசர அவசரமாகச் சேமிப்பான். சில நாள் எதிர்த் தெருவும் நம் தெருவும் ஒன்றாகவே போய்விடும். அன்றைக்கு முழு நாள் வேலையும் போச்சு. மூன்றாவது தடவை அப்படி ஆனதும் யாசென் மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு காகிதத்திலேயே எழுதினான், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாகச் சேமித்துக்கொள்ளும் ஆப்ஷனை.

நெவெனா கையேட்டில் எழுதினாள்: ‘மின்சாரம் நிலையாக இல்லாத இடங்களில் பயன்படும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, பாதி முடிந்த அட்டவணையைச் சேமித்துவைக்கும். மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.’

சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் ஒரு தடவை படித்தாள். பாலுக்கு விடிகாலையில் வரிசையில் நின்ற வருஷம் அது. வீட்டில் ஒரே ஒரு அறையில்தான் சூடு. நாலு பேரும் அந்த ஓர் அறையில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்பா அவள் காலைத் தன் கால்களுக்கு நடுவில் வைத்துச் சூடேற்றுவார். அந்தக் குளிர் ஒரே ஒருநாள் திரும்பி வராதா என்று இருந்தது அவளுக்கு. விட்ட இடத்திலிருந்து யார் தொடர விடுகிறார்கள்!

வாசல் மணி அடித்தது. எதிர் வீட்டு ஜிவ்கா, குருத்தோலைக்குப் பதிலாகக் கோயிலில் வாங்கிய வில்லோ மரக்கிளைகளோடு.

"பேரோட நூறு வருஷம் இருக்கணும் அக்கா! நெவெனா, உனக்கும்தான். என்ன, நல்ல நாளும் அதுவுமா அந்தப் பொட்டி முன்னால? உனக்கு மாப்பிள்ளை அதுக்குள்ளேர்ந்து வரப் போறானா?"

"வந்தா நீங்கதான் அத்தை முதல்ல பார்ப்பீங்க. எங்க வீட்டு ஜன்னலை விட்டு உங்க கண்ணு நகரவே நகராதே."

ஜிவ்கா அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறவள் இல்லை. "யாசென் வரலையாக்கா?" என்று அம்மாவிடம் திரும்பினாள்.

"அவனுக்கும் இன்னிக்குத்தானே பெயர்நாள். வீட்டைப் பூட்டிட்டு எப்படி வருவான்? அவனைத் தேடி நாலு பேர் வர மாட்டாங்களா?" அம்மா சொன்ன வேகத்தைப் பார்த்தால், காலையிலிருந்து தனக்குத்தானே பல தடவை சொல்லிப் பார்த்த பதில் மாதிரி இருந்தது.

இருவரும் கூடத்துக்குப் போனார்கள். நெவெனா இரண்டாவது பக்கத்தைத் தாண்டி நேராக மூன்றாவதற்குப் போனாள். பல்வலி இருக்கும்போது நாக்கு அங்கேதான் போகும்.

‘புதன்-மூன்று’. அதுதான் அந்த ஆப்ஷனின் பெயர். இரண்டு ஆசிரியர்களின் எண்களை அதற்குக் கொடுக்கலாம். ஒன்றும் கொடுக்காவிட்டால் தானாகவே நாலாம் எண்ணையும் பத்தொன்பதாம் எண்ணையும் எடுத்துக்கொண்டு ஏதோ செய்யும். என்ன செய்யும், ஏன் செய்யும் என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. புரோகிராமுக்குள்ளே யாசெனின் குறிப்பு மட்டும் இருந்தது: ‘தொடாதே.’

தொடாதே என்றால் தொடாமல் இருப்பதற்கு இது என்ன கரண்ட் கம்பியா? நெவெனா தன் தொழில் வழியிலேயே போனாள். பம்பு செட்டில் ஒரு திருகு எதற்கு என்று தெரியாவிட்டால் என்ன செய்வோம்? திருகோடு ஒரு தடவை ஓட்டுவோம், கழற்றிவிட்டு ஒரு தடவை ஓட்டுவோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்து எழுதுவோம். எப்படியும் வெட்டி எறியத்தானே போகிறாள். வெட்டினால் வேறெதுவும் கெட்டுப்போகாது என்று உறுதி செய்துகொள்ள வேண்டாமா?

சாஸோடு ஒரு மாதிரி ஃபைல் எப்போதும் போகும். அது வேறெந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. அம்மாவின் பள்ளிக்கூடமேதான், அந்த வருஷத்து முப்பத்துநாலு ஆசிரியர்களோடு. ஆப்ஷனோடு ஒரு தடவை ஓட்டினாள். ஆப்ஷனை எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டினாள். இரண்டையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

பெரிதாக எதுவும் மாறவில்லை. கூர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆப்ஷன் இல்லாத தாளில் எல்லா மணியும் நிரம்பியிருந்தது. ஆப்ஷன் இருந்த தாளில், புதன்கிழமை மூன்றாவது மணியில், அதாவது மூன்றாம் பாடவேளையில், இரண்டு கட்டங்கள் காலி. நாலாம் எண்ணுக்கும் பத்தொன்பதாம் எண்ணுக்கும் அந்த மணியில் வகுப்பே இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு.

நாலாம் எண் யார் என்று அவள் தேட வேண்டியதில்லை. அந்தப் பட்டியலை ஒற்றை விரலால் தட்டி ஏற்றியதே அவள்தான். நாலாம் எண் அம்மா.

பத்தொன்பதைத் தேடினாள். லியுபென், ஓவிய ஆசிரியர்.

வேறு எத்தனையோ காரணம் இருக்கலாம். ஏதாவது கமிட்டி, கண்காட்சி ஏற்பாடு. ஆனால் அதற்கெல்லாம் யாரும் ‘தொடாதே’ என்று எழுதி வைப்பதில்லை. நெவெனா மெள்ள அப்பாவின் வரிசையைப் பார்த்தாள். அப்பா அதே பள்ளிக்கூடத்தில் பட்டறை ஆசிரியர், ஏழாம் எண். புதன் மூன்றாவது மணியில், இரண்டு தாளிலும், அவருக்கு வகுப்பு இருந்தது.

அவள் அப்பா பெண். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இரண்டு தாளையும் குப்புறத் திருப்பி வைத்தாள்.

மறுபடியும் வாசல் மணி. "நெவெனா, யாருன்னு பாரு!" என்று அம்மா கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

திறந்தால், யாசென். தலை பாதி நரைத்திருந்தது. கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம், மீன் வாசனை.

அழைக்காமல் வந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டாத ஒரே நாள் பெயர்நாள். அந்தத் தைரியத்தில் வந்திருக்கிறான். ஆனால் தன் பெயர்நாளில் தன் வீட்டைப் பூட்டிவிட்டு, வருகிற விருந்தாளிகளை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு மூன்று மணி நேரம் கார் ஓட்டி வருகிறவனை என்னவென்று சொல்வது?

"பேரோட நூறு வருஷம் இரு," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நீயும்," என்றாள் அவள். நாலு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் சொல்.

அம்மா ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். பொட்டலத்தைப் பார்த்து, "டான்யூப்ல மீனே இல்லாத மாதிரி கடல் மீனைத் தூக்கிட்டு வந்திருக்கான் பாரு, கானாங்கெளுத்தி!" என்று ஜிவ்காவிடம் குற்றம் சொன்னாள். கண் இரண்டும் நிரம்பியிருந்தது.

சமையலறையில் அண்ணனும் தங்கையும் தனியாக விடப்பட்டார்கள். யாசென் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மீன் வயிற்றைக் கீறத் தொடங்கினான். நெவெனா இரண்டு தாளையும் லேப்டாப்புக்கு அடியில் தள்ளினாள்.

"வெட்டிட்டியா?" என்றான்.

"இல்ல. இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு. அடுப்பு ஆப்ஷன் ஒண்ணு."

"அடுப்பா! அது இன்னுமா எழுதல?" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எழுதிக்கோ. எந்த அறையில விறகடுப்பு இருக்குன்னு ஃபைல்ல குறிச்சுட்டா, குளிர் மாசத்துல சின்ன வகுப்புங்களை அந்த அறையிலேயே போடும். பெரிய பசங்க நடுங்கட்டும்னு அர்த்தம்."

"நடுங்கட்டும்னு கையேட்டுல எழுத முடியாதுண்ணா."

"‘மேல் வகுப்புகளுக்குப் பிற அறைகள் ஒதுக்கப்படும்’னு எழுது. உன் பாஷையில நடுங்கறதுக்கு அதுதானே?"

அவள் சிரித்துவிட்டாள். தட்டிக்கொண்டே, "ரெண்டாம் வகுப்புல அடுப்புக்குப் பக்கத்துல நான்தான் உட்காருவேன், ஞாபகம் இருக்கா? என் பென்சில் பெட்டி உருகிப்போச்சு," என்றாள்.

"ஞாபகம் இல்லாம? அதுக்கும் சேர்த்து எனக்குத்தானே திட்டு விழுந்தது."

நாற்பதாவது பக்கம் முடிந்தது. நாலு வருஷம் எங்கே போயிற்று என்று தெரியாத மாதிரி இருந்தது அந்தக் கால் மணி நேரம். அதைக் கெடுக்க நெவெனாவுக்கு மனசே இல்லை. ஆனால் மணி நாலே முக்கால் ஆகிவிட்டது. தாள்களை இழுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"நாலும் பத்தொன்பதும். ஓட்டிப் பார்த்துட்டேன்."

யாசென் கத்தியைக் கீழே வைத்தான். ரொம்ப நேரம் குழாயில் கையைக் கழுவினான்.

"அம்மா சொன்னாங்க, எழுதினேன்," என்றான். "இந்த ரெண்டு பேருக்கும் அந்த மணி எப்பவும் காலியா இருக்கணும், ஏதோ கண்காட்சி வேலைன்னு. பதினாறு வயசு. நம்பரை நேரா உள்ளே எழுதிட்டேன். இது நம்ம ஸ்கூலைத் தாண்டிப் போகும்னு யாரு கண்டா? இன்னிக்கு வரைக்கும் எந்த ஊர் ஸ்கூலா இருந்தாலும் நாலாம் நம்பரும் பத்தொன்பதாம் நம்பரும் புதன்கிழமை சும்மா உட்கார்ந்திருக்காங்க."

"உனக்கு எப்பத் தெரிஞ்சது?"

"அடுத்த மாசமே. சாக்பீஸ் எடுக்க வரைபட அறைக்குப் போனேன். அம்மாவும் லியுபென் சாரும் இருந்தாங்க. ஆளுக்கொரு டீ கிளாஸ். அவ்வளவுதான் நெவெனா, சத்தியமா அவ்வளவுதான். மேசைக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர்." துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். "ஆனா அம்மா சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. அப்படி அவங்க சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. கதவை மெதுவாச் சாத்திட்டு வந்துட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அப்பாவோட பொண்ணு. நாலு வருஷம் முன்னால அப்பா ஆஸ்பத்திரியில இருந்தார். நீ கையேடு கையேடுன்னு குதிச்சே. நான் என்னன்னு எழுதறது?"

நாலு வருஷம். பதினேழு நாட்டுக்காரர்கள் முன்னால் அவனை மனுஷனோடு பேசத் தெரியாதவன் என்று எழுதினாளே! அவன் வாயைத் திறந்து ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், அவள்தான் தலைகுனிந்திருப்பாள். சொல்லாமல் எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டு ஒதுங்கிப் போனான்.

"என்னை மன்னிச்சுடுண்ணா," என்றாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நான் ஒரு மடச்சி."

"அழாதே. மீனெல்லாம் உப்புக் கரிக்கும்."

"உப்பை நான் போட்டுக்கறேன், நீங்க வேலையைப் பாருங்க," என்று பின்னால் குரல் கேட்டது.

அம்மா காபித் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். ஜிவ்கா போய்விட்டிருந்தாள். யாசென் தாள்களை மறைக்கக் கையை நீட்டினான். பிரயோஜனம் இல்லை. இருபது வருஷம் அட்டவணை போட்ட கண். பத்தடி தூரத்திலிருந்தே எந்த வருஷம், எந்தக் கட்டம் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

தட்டை வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியுமாடா?" என்றாள் மகனிடம்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இத்தனை வருஷமா?"

நெவெனாவால் அடக்க முடியவில்லை. "அப்பாவுக்குத் தெரியுமாம்மா? அதைச் சொல்லு முதல்ல. அந்த மனுஷன் உனக்கு என்ன குறை வச்சார்? அவரை முட்டாளாக்கிட்டு..."

"நிறுத்து." அம்மா குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் உயர்த்தாமலே அடக்கியவள். "உங்கப்பா முட்டாள் இல்ல. கேளு. கரண்ட் போனா ஸ்கூல் மணி அடிக்காது இல்லையா? அந்தக் குளிர்காலம் பூரா உங்கப்பாதான் கைமணியை எடுத்துக்கிட்டு வகுப்புங்களுக்கு வெளியே நடையில ஆட்டிக்கிட்டே போவார். எல்லா நாளும் டாண்ணு அடிப்பார். புதன்கிழமை மூணாவது மணி முடியறப்ப மட்டும் ரெண்டு நிமிஷம் லேட்டா அடிப்பார். முதல்ல அவர் வாட்ச்சு கோளாறுன்னு நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சது, அது எங்களுக்கு விட்டுக்குடுத்த ரெண்டு நிமிஷம்னு."

நெவெனா தாளில் அப்பாவின் வரிசையை மறுபடி பார்த்தாள்.

"வசந்தத்துல கரண்ட் ஒழுங்கா வந்துச்சு. மணி தானா அடிச்சது, எங்க நடையில மட்டும் அடிக்கல. வயர் அறுந்துபோச்சுன்னார். மறுபடியும் கைமணி. அந்த ஸ்கூல்ல ஆணியிலேர்ந்து பாய்லர் வரைக்கும் ரிப்பேர் பண்ணினது அவர்தான். அந்த ஒரு வயரை மட்டும் ஏழு வருஷமா அவர் சரி பண்ணவே இல்ல. ஏழு வருஷமும், புதன்கிழமை, ரெண்டு நிமிஷம்." அம்மா கப்பைக் கையில் எடுத்தாள், குடிக்கவில்லை. "தொண்ணூத்தெட்டுல லியுபென் சிலிஸ்த்ராவுக்கு மாத்தலாகிப் போனார். நீயும் வான்னு கூப்பிட்டார். போயிருப்பேன் நெவெனா, பொய் சொல்ல மாட்டேன். அந்த வயரை நினைச்சேன். இப்படிப்பட்ட மனுஷனை விட்டுட்டு எப்படிடி போறது? போகல."

"அதைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் பேசினதே இல்லையா?" யாசென் கேட்டான்.

"லியுபென் போன அடுத்த புதன்கிழமை மணி டாண்ணு அடிச்சது. சாயங்காலமே அப்பா வயரை மாட்டிட்டார். அதுக்கு மேல என்ன பேசறது?"

நெவெனா கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பாவுக்காக அழுதாளா, அம்மாவுக்காகவா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. கோபம் மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை. அது அவ்வளவு சீக்கிரம் போகிறதும் இல்லை.

"மணி என்ன?" அம்மா கேட்டாள்.

"அஞ்சு பத்து," என்றான் யாசென்.

"ஆறு மணிக் கெடுன்னு காலையிலேர்ந்து இவ பாடறா. எழுது, நான் சொல்றேன்."

"அம்மா, வேண்டாம். வெட்டிடலாம்."

"எதுக்கு வெட்டணும்? ஒழுங்கா வேலை செய்யுதில்ல? எழுது." அம்மா பாடம் சொல்லி எழுதவைக்கிற தோரணையில் நிமிர்ந்தாள். "‘இந்த ஆப்ஷன், இரண்டு பேருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒன்றாக ஓய்வு கொடுக்கும். எந்த இரண்டு பேர் என்பதை நீங்கள் சொல்ல வேண்டும்.’ எழுதிட்டியா? ‘ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.’"

நெவெனா தட்டினாள். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

"நாலு, பத்தொன்பது?" யாசென் மெல்லக் கேட்டான். "ஒண்ணும் சொல்லலைன்னா அதைத்தான் எடுத்துக்கும்."

"எடுத்துடு. எத்தனையோ ஊர்ல, கேட்காமலே யார் யாருக்கோ கிடைச்சிருக்கு. இனி வேணுங்கறவங்க கேட்டு வாங்கிக்கட்டும்."

அவன் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே எழுதியிருந்த இரண்டு எண்களையும் அழித்தான். ‘தொடாதே’ என்ற குறிப்பையும். ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார்கள். ஐந்து ஐம்பதுக்கு நாற்பத்தொரு பக்கமும் போய்ச் சேர்ந்தது. எழுதியவர்கள் என்ற இடத்தில் நெவெனா இரண்டு பெயர் போட்டிருந்தாள். அண்ணன் பெயர் முதலில்.

அம்மா எழுந்து மீனை வாணலியில் போட்டாள். எண்ணெய் இரைந்தது. அவர்கள் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"சிலிஸ்த்ராவுக்கு நாளைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

யாசென் தங்கையைப் பார்த்தான். நெவெனா வாணலியைப் பார்த்தாள், அம்மாவின் நீல முதுகைப் பார்த்தாள். லியுபென் சார் இருக்கிறாரா, இல்லையா, அதுகூட இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்கலாம். கேட்கவில்லை. பஸ் நிலையத்தின் பக்கத்தைத் தேடித் திறந்தாள்.

"ஆறு நாப்பது," என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "டிக்கெட் போடவா? போக வர ரெண்டுக்குமா?" என்று கேட்டாள்.

அம்மா ஒரு மீனைத் திருப்பிப் போட்டாள்.

"போக மட்டும் போடு."